மைக்ரோடிக் ரவுட்டரில் ஃபயர்வோல் விதிகள்: உங்களையே வெளியே பூட்டிக்கொள்ளாமல்

நிலாவெளியில் மாமா ஆறு அறைகளோடு ஒரு விடுதி நடத்துகிறார். அங்கே தங்கியிருந்த ஒருவர், கணக்கு எழுதும் கம்ப்யூட்டரின் ஃபோல்டர்கள் தன் லேப்டொப்பில் தெரிவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம்தான் ஃபயர்வோல் விதிகள், அதாவது வலையில் எது போகலாம் எது போகக்கூடாது என்று ரவுட்டருக்குச் சொல்பவை, எழுத உட்கார்ந்தேன்.

மைக்ரோடிக் ரவுட்டர்களை அமைக்கும் மென்பொருளான வின்பாக்ஸில் செய்யுங்கள். பிரவுசரிலும் முடியும்; எனக்கு விதிகளை மேலே கீழே இழுக்க வின்பாக்ஸ்தான் கைக்கு வாகு. திறந்தவுடன் சேஃப் மோட் பொத்தானை அழுத்துங்கள். இடையில் இணைப்பு அறுந்தால், செய்த மாற்றங்களை ரவுட்டர் சில நிமிடங்களில் தானே விலக்கிவிடும். எல்லாம் சரியென்று பார்த்தபின் அதே பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் மாற்றங்கள் நிலைக்கும்.

ஐபி, ஃபயர்வோல், ஃபில்டர் ரூல்ஸ் என்று போங்கள். ரவுட்டருக்கே வருவது இன்புட். ரவுட்டரைக் கடந்து போவது ஃபோர்வேர்ட். விதிகள் மேலிருந்து கீழே பார்க்கப்படும். முதலில் பொருந்துகிற அக்செப்ட் (அனுமதி) அல்லது ட்ரொப்போடு (தடை) அந்தப் பாக்கெட்டின், அதாவது தரவுத் துண்டின், கதை முடிந்தது.

நான் மாட்டியது இங்கேதான். இன்புட்டில் "எல்லாவற்றையும் ட்ரொப் செய்" என்பதை முதலில் எழுதினேன், சேஃப் மோட் போடாமல். வின்பாக்ஸ் உறைந்துவிட்டது. மாமா வந்து, "தம்பி, வட்ஸ்அப் வருது, கூகிள்தான் திறக்குதில்ல" என்றார். குறிப்பு அதிலேயே இருந்தது: ஏற்கெனவே இணைந்திருந்தவை ஃபோர்வேர்டில் ஓடின, பெயரை ஐபியாக மாற்றும் டிஎன்எஸ் கேள்வி மட்டும் ரவுட்டரிடமே வருவதால் இன்புட்டில் செத்தது. எனக்கு அப்போது விளங்கவில்லை. ரீசெட் பண்ணினேன், இணைய இணைப்பின் யூசர்நேம் பாஸ்வேர்ட் எல்லாம் போயிற்று. வின்பாக்ஸின் நெய்பர்ஸ் பட்டியலில் ஐபிக்குப் பதில் ரவுட்டரின் வன்பொருள் முகவரியான மெக் முகவரியைச் சொடுக்கியிருந்தால் உள்ளே போயிருக்கலாம் என்பது அடுத்த நாள்தான் தெரிந்தது.

ஆகவே இன்புட்டில் இந்த வரிசை: எஸ்டாபிளிஷ்ட், ரிலேட்டட் (ஏற்கெனவே இணைந்தவையும் அவற்றோடு தொடர்புள்ளவையும்) அக்செப்ட்; இன்வேலிட் (எந்த இணைப்போடும் பொருந்தாதவை) ட்ரொப்; ஐசிஎம்பி (பிங் போன்ற செய்திகள்) அக்செப்ட்; உள்வலைப் பிரிட்ஜிலிருந்து (பல போர்ட்களை ஒரே வலையாகச் சேர்ப்பது பிரிட்ஜ்) வருவது அக்செப்ட்; கடைசியில் மீதி எல்லாம் ட்ரொப்.

ஃபோர்வேர்டிலும் முதல் இரண்டு விதிகளும் அதேதான். பிறகு விருந்தினர் பிரிட்ஜிலிருந்து உள்வலைக்குப் போவது ட்ரொப், இன்டர்நெட் பக்கமிருந்து புதிதாக வருவது ட்ரொப். விருந்தினருக்குத் தனி பிரிட்ஜும் தனி ஐபி வரிசையும் இல்லாவிட்டால் இதில் பயனில்லை. ஒரே பிரிட்ஜுக்குள் ஓடுவது சாதாரணமாக இந்த விதிகளைத் தொடவே தொடாது.

இன்டர்நெட் பக்கம் எது என்பதில் கவனம். நம் இணைப்பு பிபிபிஓஇ, அதாவது யூசர்நேம் பாஸ்வேர்ட் கொடுத்து இணைவது. வயர் ஈதர் 1-இல் செருகியிருக்கிறதே என்று அதையே கொடுத்தேன். விதிக்குப் பக்கத்தில் பாக்கெட் எண்ணிக்கை 0-இலேயே நின்றது. பிபிபிஓஇ இன்டர்ஃபேஸைக் கொடுத்ததும் ஓடத் தொடங்கியது. அந்த எண்ணிக்கையைப் பார்க்காமல் எந்த விதியையும் நம்பாதீர்கள்.

பிற்சேர்க்கை: "விருந்தினர் வைஃபை இணைகிறது, பக்கம்தான் திறக்கவில்லை" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். மாமா சொன்ன அதே கதை. இன்புட்டில் கடைசி ட்ரொப்புக்கு மேலே, விருந்தினர் பிரிட்ஜிலிருந்து டிஎன்எஸ் கேள்வி வரும் போர்ட் 53-க்கு யூடிபி, டிசிபி இரண்டையும் அக்செப்ட் செய்யுங்கள். பிரிட்ஜைக் குறிப்பிடாமல் திறந்துவிட்டால், உங்கள் ரவுட்டர் வெளியுலகத்துக்கே டிஎன்எஸ் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.