லோட் டெஸ்டிங் டூல்: இலவசமா, லைசென்ஸா? முதலில் கணக்கைப் போடுங்கள்

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் நாலைந்து பேர் டீம் வைத்து சாஃப்ட்வேர் செய்பவர்கள், லோட் டெஸ்டிங் டூலின் (பலர் ஒரே நேரத்தில் வந்தால் சர்வர் தாங்குமா என்று போலிக் கூட்டத்தை அனுப்பிப் பார்க்கும் சாஃப்ட்வேர்) விலையை விசாரிக்கும் முன் இரண்டு விஷயங்களை முடிவு செய்துகொள்ள வேண்டும்: ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருப்பார்கள், உங்கள் அப்ளிகேஷன் எந்த புரோட்டோகாலில் (சர்வரோடு தகவல் பரிமாறும் முறை) பேசுகிறது. பாதி முடிவு இதிலேயே வந்துவிடும்.

மாம்பழ சீசனில் கூழ் ஆலைக்கு லாரி டோக்கன் கொடுக்கும் ஒரு வெப்சைட் என்று வைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்குத் திறக்கிறது, 10 நிமிடத்துக்குள் 1,200 விவசாயிகள் வருகிறார்கள். உடனே 1,200 விர்ச்சுவல் யூசருக்கு (டூல் உருவாக்கும் போலிப் பயனர்) விலை கேட்கக் கூடாது. 600 வினாடிக்கு 1,200 பேர் என்றால் வினாடிக்கு 2 பேர். லாகின் முதல் ரசீது வரை ஒருவருக்கு 90 வினாடி ஆகும் என்றால், ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் 2 × 90, அதாவது 180 பேர்தான். ஆனால் கூட்டம் சீராக வராது. பாதிப் பேர் முதல் 2 நிமிடத்திலேயே வந்தால் வினாடிக்கு 5 பேர், உள்ளே 450 பேர். டெஸ்ட் செய்ய வேண்டியது இந்த 450-ஐ.

இங்கேதான் யூசர் எண்ணிக்கைக்கு விலை வைக்கும் லைசென்ஸ் காலை வாரும். சர்வர் திணறி 90 வினாடி வேலை 180 வினாடி ஆனால், அதே வேகத்தில் தொடர்ந்து ஆட்கள் வர 900 யூசர் தேவை. உங்களிடம் 450 யூசர் லைசென்ஸ்தான் இருந்தால், பழைய யூசர் முடிக்கும் வரை டூல் புதியவரை அனுப்பாது. சர்வர் தடுமாறும் நேரத்தில் லோடு தானாகக் குறைந்து, ரிப்போர்ட் நிஜத்தைவிட நல்லதாகக் காட்டும். கே6 என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் டூலில் 'கான்ஸ்டன்ட் அரைவல் ரேட்' முறையை எடுத்தால் வருகை வேகத்தை நீங்களே நிலைநிறுத்தலாம். அனுப்ப முடியாமல் போனவை 'ட்ராப்ட் இட்டரேஷன்ஸ்' என்று தனியாக எண்ணப்படும். அந்த எண் ஏறினால் மேக்ஸ் விர்ச்சுவல் யூசர் அளவைக் கூட்டி, டெஸ்டை மறுபடி ஓட்டுங்கள்.

அடுத்தது புரோட்டோகால். வெப்சைட், மொபைல் ஆப்பின் ஏபிஐ போன்றவை ஹெச்டிடிபி-யில் போவதால் ஜேமீட்டர், கே6, கேட்லிங், லோகஸ்ட் ஆகிய ஓப்பன் சோர்ஸ் டூல்களில் எதுவும் போதும். டீமில் பைத்தான் தெரிந்தவர் இருந்தால் லோகஸ்ட், ஜாவாஸ்கிரிப்ட் என்றால் கே6, கோடு எழுத ஆள் இல்லையென்றால் ஜேமீட்டர். ஓசூர் தொழிற்சாலைக்கு வேலை செய்கிறீர்கள், அங்கே எஸ்ஏபி-யின் (நிறுவன நிர்வாக சாஃப்ட்வேர்) பழைய டெஸ்க்டாப் திரையோ, வேறு மெஷினில் ஓடும் திரையைக் காட்டும் சிட்ரிக்ஸோ ஓடுகிறது என்றால் லோடுரன்னர், நியோலோடு போன்ற லைசென்ஸ் டூல்கள் பக்கம் போவதே சரி. அதை ஓப்பன் சோர்ஸில் வளைத்துச் செய்யப் போனால் லைசென்ஸ் காசைவிட ஆள் கூலி அதிகமாகும். அதே எஸ்ஏபி-யின் ஃபியோரி திரை பிரவுசரில் ஓடுவது. அதற்கு ஜேமீட்டரே போதும்.

ஓப்பன் சோர்ஸில் நிஜமான செலவு ஸ்கிரிப்ட்தான், அதாவது யூசர் செய்யும் படிகளை டூலுக்கு எழுதித் தருவது. ரெக்கார்டு செய்ததை அப்படியே ஓட்டினால், பழைய சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (லாரி டோக்கன் அல்ல, சர்வர் தரும் பாதுகாப்புக் குறியீடு) போய் சர்வர் லாகின் பக்கத்துக்கே திருப்பி அனுப்பலாம். அந்தப் பக்கமும் 200 ('சரி') என்றே பதில் தருவதால் ரிப்போர்ட் முழுக்கப் பச்சையாக இருக்கும். ஒரு லாரி டோக்கன்கூட பதிவாகியிருக்காது. எக்ஸ்ட்ராக்டர் (சர்வர் பதிலிலிருந்து மதிப்பைப் பிரித்தெடுக்கும் பகுதி) போட்டு சிஎஸ்ஆர்எஃப் டோக்கனை ஒவ்வொரு முறையும் புதிதாக எடுங்கள். கடைசிப் பக்கத்தில் 'டோக்கன் எண்' என்ற சொல் இருக்கிறதா என்று அசெர்ஷன் வையுங்கள். டெஸ்ட் முடிந்ததும் டேட்டாபேஸில் எத்தனை வரிசை ஏறியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கமர்ஷியல் டூல்கள் இப்படி மாறும் மதிப்புகளைப் பிடித்துப் பொருத்தும் கோரிலேஷனைப் பெருமளவு தாமே கண்டுபிடிக்கும். காசு கொடுப்பதற்கு உண்மையான காரணம் இது. அழகான கிராஃபுக்காக வாங்க வேண்டாம். ஓடிபி-க்கு டெஸ்ட் சர்வரில் நிலையான எண் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எஸ்எம்எஸ் பில் எகிறும். பேமென்ட் கேட்வேயை அவர்கள் அனுமதி இல்லாமல் தொடவே கூடாது.

ஜேமீட்டரை கிராஃபிக் திரையில் ஓட்டுவது ஸ்கிரிப்டைச் சரிபார்க்க மட்டும். நிஜ டெஸ்டைக் கமாண்ட் லைனில் ஓட்டுங்கள், 'வியூ ரிசல்ட்ஸ் ட்ரீ' என்ற லிஸனரை (ஒவ்வொரு பதிலையும் வைத்துக் காட்டும் பகுதி) எடுத்துவிடுங்கள். ஆரம்பத்தில் ஜேமீட்டருக்குக் கிடைக்கும் ஹீப் (நினைவகம்) 1 ஜிபி-தான்; அந்த லிஸனரே அதை விழுங்கிவிடும். லினக்ஸில் திறக்கக்கூடிய ஃபைல் எண்ணிக்கை (ஒவ்வொரு கனெக்ஷனும் இதில் சேரும்) பெரும்பாலும் 1,024-இல் நிற்கும், அதையும் உயர்த்துங்கள்.

ஆபீஸ் பிராட்பேண்டிலிருந்து லோடு அனுப்பாதீர்கள். ஒரு பக்கம் 2 எம்பி, வினாடிக்கு 10 பக்கம் என்றால் 20 எம்பி, அதாவது 160 மெகாபிட். 100 மெகாபிட் லைன் சர்வருக்கு முன்னால் முட்டிக்கொள்ளும். மும்பையிலோ சென்னையிலோ ஒரு கிளவுட் மெஷினை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது மேல். அதையும் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் பிளேஸ்மீட்டர் போன்ற சேவை ஜேமீட்டர் ஸ்கிரிப்டையே வாங்கி ஓட்டும். மாதச் சந்தா கிடைத்தால் சீசன் மாதத்துக்கு மட்டும் கட்டலாம், ஸ்கிரிப்டும் உங்கள் கையிலேயே இருக்கும்.

கையெழுத்துப் போடும் முன் விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள்: பழைய ரிசல்ட் எத்தனை மாதம் இருக்கும், சந்தா முடிந்தால் ஸ்கிரிப்டை வெளியே எடுக்க முடியுமா, பிரவுசர் யூசர் (நிஜ பிரவுசரைத் திறந்து ஓட்டும் விர்ச்சுவல் யூசர்) ஒருவரை எத்தனை யூசராகக் கணக்கிடுவார்கள், விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா.

பிறகு இலவச டூல் ஒன்று, லைசென்ஸ் டூல் ஒன்று என இரண்டிலும் உங்கள் கடினமான ஃப்ளோ ஒன்றை மட்டும் செய்து, ஒரே சர்வரில் 30 நிமிடம் ஓட்டுங்கள். இரண்டின் 95-ஆவது பெர்சன்டைலையும் (100 ரிக்வெஸ்டில் 95 எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன என்ற அளவு) என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் லாகில் பதிவான ரிக்வெஸ்ட் டைமோடு ஒப்பிடுங்கள். சர்வர் லாக் 300 மில்லிசெகண்ட் என்கிறது, டூல் 2 செகண்ட் என்கிறது என்றால் தேங்குவது பெரும்பாலும் லோடு அனுப்பும் மெஷினிலோ நெட்வொர்க்கிலோதான். அதைச் சரிசெய்யாமல் எந்த டூலின் எண்ணையும் கிளையண்டுக்கு அனுப்பக் கூடாது.