செவிலியர் புகைப்பதை நிறுத்த உதவுவோர் செய்யும் தவறுகள்

புகைப்பழக்கத்தை விட விரும்பும் மருத்துவர், செவிலியர் முன் அமரும் புதிய ஆலோசகர்கள், நான் முன்பு செய்த பிழைகளையே மறுபடி செய்கிறார்கள். நுரையீரல் படத்தைக் காட்டி அச்சுறுத்தும் பிழையை இங்கே விரிக்கப் போவதில்லை. புகையின் தீமை அவர்களுக்குத் தெரியாததல்ல; 1951-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் தொடங்கிய புகைப்பழக்க ஆய்வே பிரிட்டிஷ் மருத்துவர்களிடம்தான் நடந்தது.

“அவருக்குத் தெரியாததா?”

இந்த நினைப்புதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்த்த ஒரு செவிலியருக்கு, சிகரெட் ஏக்கத்தைத் தணிக்கும் நிகோட்டின் சூயிங்கம் கொடுத்தபோது, நாள்தோறும் பிறருக்கு மருந்து கொடுப்பவருக்கு இதை விளக்குவது அவமதிப்பாகிவிடும் என்று கூச்சப்பட்டு, பயன்படுத்தும் முறையைச் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். அவர் அதைச் சாதாரண சூயிங்கம் போல விடாமல் மென்று, இடையிடையே காபியும் குடித்து, விக்கலும் நெஞ்செரிச்சலும் தாங்காமல் மூன்றாம் நாளே தூக்கி எறிந்தார். அன்றிரவே சிகரெட்டுக்குத் திரும்பியவர், அடுத்த முயற்சிக்கு வர ஓராண்டு ஆயிற்று.

மருந்தில் குறையில்லை. நிகோட்டின் வாயின் உட்சுவர் வழியாகவே இரத்தத்தில் ஏற வேண்டும். விழுங்கினால் வயிற்றில் எரிச்சலை உண்டாக்குவதோடு, பெரும்பகுதி கல்லீரலிலேயே சிதைந்துவிடும். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்தோரம் ஒதுக்கி, காரம் அடங்கியதும் மீண்டும் மெல்ல வேண்டும். காபியின் அமிலத்தன்மை நிகோட்டின் ஏறுவதைத் தடுப்பதால், மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே அதைத் தவிர்க்க வேண்டும். இவற்றை இப்போது இதயநோய் நிபுணருக்கும் மென்று காட்டியே சொல்லித் தருகிறேன். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

“காலையில் முதல் சிகரெட் எப்போது?”

விழித்து 30 நிமிடத்துக்குள் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம் சூயிங்கம், தாமதிப்பவருக்கு 2 மில்லிகிராம் என்பது வழக்கம். இரவுப் பணியாளர் மாலையில்தான் விழிக்கிறார் என்பதை மறந்து காலையைப் பற்றிக் கேட்டால், அவர் உண்மையையே சொன்னாலும் அளவு தவறிவிடும்.

அவருடைய வார்டிலேயே சந்தித்தல்

வேண்டாம்.

நாட்காட்டியைப் பார்த்து நாள் குறித்தல்

புகையை நிறுத்திய முதல் மூன்று நாட்களில்தான் ஏக்கமும் எரிச்சலும் உச்சத்தில் இருக்கும். அவை தொடர் இரவுப் பணியில் விழாதபடி, அவருடைய பணி அட்டவணையை வாங்கி எதிரே விரித்து வைத்துக்கொண்டு நாளைக் குறியுங்கள்.