பின்சக்கரம் கீச்சிட்டால் உடனே பிரேக் ஷூ வாங்காதீர்கள்

சேற்றிலும் கல்லிலும் ஓடும் ஜீப் போன்ற வண்டியில் பின்பக்கம் கீச்சென்று சத்தம் கேட்டால், பலரும் முதலில் பிரேக் ஷூவைத்தான் (டிரம்முக்குள் உரசி வண்டியை நிறுத்தும் வளைந்த பட்டை) மாற்றுகிறார்கள். நானும் அப்படித்தான் மாற்றினேன். இரண்டே மாதத்தில் அதே சத்தம் திரும்ப வந்தது. சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்த்தால், ஷூவின் மேல் உரசும் படலமான புது லைனிங்கின் கீழ்ப்பாதி எண்ணெய் ஊறிக் கறுத்துக் கிடந்தது. ஆக்ஸிலில், அதாவது சக்கரங்களைச் சுழற்றும் அச்சில், இருந்த கோளாறுக்குப் பிரேக்கில் வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

சத்தத்தைச் சரியாகக் கேட்காமல் ஸ்பேனரை எடுப்பதுதான் பெரிய தவறு. ஆளில்லாத சமதளத்தில் வண்டியை மெதுவாக உருட்டி, பிரேக்கை லேசாகத் தொட்டுப் பாருங்கள். சத்தம் நின்றாலோ மாறினாலோ பிரேக் பக்கம் தேடலாம். மாறவே இல்லையென்றால் நொடிக்கு எத்தனை தடவை கீச்சிடுகிறது என்று எண்ணத் தொடங்குங்கள். டிஃபரன்ஷியல் (ஆக்ஸிலின் நடுவில் சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கர அமைப்பு) விகிதம் 4.10 என்றால், சக்கரம் ஒரு தடவை சுற்றுவதற்குள், அதற்குச் சுழற்சியைக் கொண்டுவரும் புரொபெல்லர் ஷாஃப்ட் நான்கு தடவைக்கு மேல் சுற்றிவிடும். 30 அங்குல டயரில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போனால் சக்கரம் நொடிக்கு ஒரு சுற்றுக்குச் சற்று மேல், ஷாஃப்ட் கிட்டத்தட்ட ஐந்து சுற்று. ஆகவே நிதானமாக, விட்டுவிட்டுக் கீச்சிட்டால் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று. குருவி கத்துவதுபோல் விடாமல் கீச்கீச்சென்றால் அந்த ஷாஃப்டின் முனையில் மூட்டாக இருக்கும் யு ஜாயின்டைப் பாருங்கள். அதன் கப் ஓரத்தில் செங்கல் நிறத்தில் துருப்பொடி படிந்திருந்தால், உள்ளே கிரீஸ் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீரில் அடிக்கடி இறங்கும் வண்டிகளில் இது சகஜம்.

ஹேண்ட் பிரேக்கை லேசாக இழுத்து, பின்பிரேக்கைத் தனியாகச் சோதிப்பதும் உண்டு. ஆனால் பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்ற வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன், பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) பின்னால் புரொபெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. அங்கே இந்தச் சோதனை தப்பான விடையைத்தான் தரும். இதைவிட ஆபத்து ஒன்று இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால், ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் வண்டி உருளும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் தூக்கவே கூடாது. லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்) உள்ள ஆக்ஸிலில் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, கியரில் போட்டு இன்ஜினை ஓடவிடுவதும் வேண்டாம். தரையில் இருக்கும் சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும்.

சத்தம் போகட்டும் என்று பிரேக்கில் ஸ்ப்ரே ஆயில் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், சத்தத்தோடு பிரேக்கும் போய்விடும். கிரீஸ் தடவ வேண்டிய இடம் வேறு. டிரம் பிரேக்கில் ஷூவின் ஓரம் பேக் பிளேட்டில் (ஷூக்களைத் தாங்கும் பின்தகடு) உரசும் மேடுகள் உண்டு. சேறு காய்ந்து அவை வறண்டு போனால் கீச்சிடும். துடைத்துவிட்டு, அதிக வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸை மெல்லிய பூச்சாக அங்கே மட்டும் தடவினால் போதும். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். டிஸ்க் பிரேக் என்றால், ரோட்டாருக்கும் பின்னால் உள்ள தகட்டுக்கும் இடையே சின்னக் கல் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சரி, லைனிங்கில் எண்ணெய் இருக்கிறது. என்ன எண்ணெய்? கெட்டியாக, கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில்; ஆக்ஸில் சீல் (ஷாஃப்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் வளையம்) கசிகிறது. தண்ணீர் போல் மெலிதாக, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பருக்குள்ளிருந்து வந்தால் பிரேக் ஃப்ளூயிட். இதைப் பார்க்காமல் ஷூவை மட்டும் மாற்றுவது வீண். சீலை மட்டும் மாற்றுவதும் பல நேரங்களில் வீண்தான். சீல் ஏன் போனது என்று கேட்க வேண்டும்.

நான் அதைக் கேட்டபோது கண்ணில் பட்டது ஆக்ஸில் ஹவுசிங்கின் (வெளிக்கூடு) மேலே இருந்த பிரீதர், அதாவது உள்ளே காற்று போய்வரும் வழி. கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும். அதன் மூடி அசையாதபடி சேறு காய்ந்து சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. ஓடும்போது ஆக்ஸில் சூடாகி உள்ளே காற்று விரியும். வெளியேற வழியில்லாமல் அது எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். சூடான ஆக்ஸில் திடீரென்று ஆற்றுத் தண்ணீரில் இறங்கினால் நேர்மாறாக, காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். டிஃபரன்ஷியல் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. பிரீதரைச் சுத்தம் செய்து, அதிலிருந்து ஒரு ஹோஸை உயரமான இடத்துக்குக் கொண்டுபோங்கள். பிரீதர் சுத்தமாக இருந்தும் சீல் திரும்பத் திரும்பப் போனால், ஆக்ஸில் ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். பள்ளம் தட்டினால் புது சீலும் நிற்காது. பேரிங் ஆட்டமோ, வளைந்த ஹவுசிங்கோகூடக் காரணமாக இருக்கலாம்.

பேரிங்கைப் பார்க்க, சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். இடப்பக்க வளைவில் முனகல் கூடினால் பெரும்பாலும் வலப்பக்க பேரிங்; அப்போது எடை அந்தப் பக்கம் சாய்கிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் சத்தம் மாறினால் டிஃபரன்ஷியலைச் சந்தேகப்படலாம். சி-கிளிப் வகை ஆக்ஸிலில் (ஷாஃப்டை உள்முனையில் சி வடிவக் கிளிப் மட்டும் பிடித்திருக்கும் வகை) பேரிங், ஷாஃப்ட் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். ஷாஃப்ட் உடைந்தால் சக்கரம் ஷாஃப்டோடு வெளியே வந்துவிடும்.

எண்ணெய் ஊறிய லைனிங்கைக் கழுவித் திரும்பப் போடாதீர்கள், இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். மாட்டியபின் பத்து கிலோமீட்டர் ஓட்டி, டிரம்களைத் தொடாமல் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் ஷூ உரசுகிறது. அட்ஜஸ்டரை இரண்டு பல் தளர்த்திவிட்டு இன்னொரு சுற்று போய் வாருங்கள்.