மதுரை–சென்னை விமான நேரத்தை நீங்களே கணக்குப் போடலாம்

அலுவலகத்தில் எல்லோருக்கும் டிக்கெட் போடுவது என் வேலை. மேலாளரை முதல் தடவை மதுரையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் அனுப்பியபோது நேரத்தை நானே கணக்குப் போட்டேன். சாலையில் 460 கி.மீ., விமான வேகம் மணிக்கு 800, ஆக 35 நிமிடம். அவர் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் பாதி முடிந்திருந்தது. டிக்கெட்டில் போட்டிருந்த நேரத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

முதல் தப்பு தூரத்தில். விமானத்துக்குச் சாலைக் கணக்கு எதற்கு? மேப்பில் இரண்டு விமான நிலையங்களையும் அழுத்திப் பிடித்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வரும். மதுரை 9.83, 78.09. சென்னை 12.99, 80.17. வடக்கு தெற்காக வித்தியாசம் 3.16 டிகிரி, டிகிரிக்கு 111 கி.மீ. வீதம் 351. கிழக்கு மேற்காக 2.08 டிகிரி. துருவத்தை நோக்கிப் போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்குவதால், இதை 111-ஆல் பெருக்கிய பிறகு அட்சரேகையின் கோசைனாலும் பெருக்க வேண்டும். நம் பக்கம் அது 0.98. விடை 226. அப்புறம் பள்ளிக்கூடத்துப் பித்தாகரஸ்தான்: இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 417 கி.மீ. (மேப்பிலேயே அளக்கும் வசதி உண்டு. இருந்தாலும் ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள், நன்றாக இருக்கும்.)

இரண்டாவதுதான் பெரிய தப்பு. 800 என்பது விமானம் மேலே போய் நிலைத்த பிறகு வரும் வேகம். 36,000 அடியிலிருந்து இறங்க, ஆயிரம் அடிக்கு 3 கடல் மைல் வீதம் 108 கடல் மைல் வேண்டும். அதாவது 200 கி.மீ. ஏறுவதற்கும் நூற்றுக்கு மேல் போய்விடும். 417-இல் மிச்சம் எவ்வளவு? போதாததற்கு, ஓடுதளம் வரை உருண்டு போவதும் இறங்கியபின் நிறுத்துமிடத்துக்கு வருவதும் டிக்கெட் நேரத்துக்குள் அடக்கம்.

இப்போது நான் போடும் கணக்கு இது. ஜெட் என்றால் தூரத்தை 800-ஆல் வகுத்து 35 நிமிடம் கூட்டுவேன். ஒரு மணி ஆறு நிமிடம் வரும். புரொப்பல்லர் வைத்த ஏடிஆர் என்றால் 500-ஆல் வகுத்து 25 நிமிடம், ஒண்ணேகால் மணி. ஏடிஆர் அவ்வளவு உயரம் ஏறாததால் கூட்டுவது குறைவு. வேகத்தில் 300 வித்தியாசம், நேரத்தில் 9 நிமிடம்! குட்டிப் பயணத்துக்கு ஜெட்தான் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால் நான் கண்டுகொள்வதில்லை.

இதோடு வீட்டு வாசலிலிருந்து ஆகும் நேரத்தையும் சேருங்கள். கவுண்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், அதனால் இரண்டு மணி நேரம் முன்பே கிளம்ப வேண்டும். சென்னையில் பெட்டி வந்து, நெரிசலைத் தாண்ட இன்னொரு மணி. ஆக நாலேகால் மணி. தேஜஸ் ரயில் எழும்பூருக்கு ஏறக்குறைய ஆறேகால் மணி நேரத்தில் போகிறது.

மேலாளர் வீடு மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கம், கூட்டம் நடக்கும் இடம் எழும்பூர். அதனால் இப்போதெல்லாம் அவருக்கு முந்தின நாள் தேஜஸில்தான் டிக்கெட் போடுகிறேன். ஜன்னல் சீட் கேட்பார், அவ்வளவுதான்.