முடவாட்டுக்கால்: கிழங்கும் அல்ல, புல்லுருவியும் அல்ல

கொல்லிமலையில் முடவாட்டுக்கால் சூப் விற்காத பக்கம் குறைவு. கடையில் பழுப்பு ரோமத்தோடு குவித்து வைத்திருப்பதை எல்லோரும் கிழங்கு என்றே சொல்கிறோம். சமையலுக்கு அது போதும். வளர்க்க நினைத்தால்தான் வில்லங்கம். அது பாறையிலும் மரத்திலும் படரும் ஒரு பெரணியின் (ஃபெர்ன்) தண்டு. ரோமமாகத் தெரிபவை செதில்கள். கிழங்கு என்று மண்ணில் ஆழப் புதைத்தால் அழுகிப்போகும். மரக்கட்டையிலோ நார்த்தட்டிலோ மேலாகக் கட்டிவிடுங்கள்.

பலர் செய்யும் பெரிய தவறு, அடியில் இருக்கும் காய்ந்த இலைகளைப் பிய்த்து எறிவது. இந்தச் செடிக்கு இரண்டு வகை இலைகள். நீளமாக, ஆழமாகப் பிளந்த பச்சை இலை உணவு தயாரிக்கும். இனம் பெருக்கும் தூள் போன்ற ஸ்போர்களும் அதன் அடிப்பக்கத்தில்தான். தண்டை ஒட்டிய குட்டை இலை சீக்கிரமே பழுப்பாகிவிடும், ஆனால் உதிராது. மேலிருந்து விழும் சருகையும் தூசியையும் அது தாங்கிப் பிடிக்க, மக்கியதை வேர் உறிஞ்சும். மண்ணே இல்லாத கிளையில் செடி பிழைப்பது இப்படித்தான். அதைப் பிடுங்கினால் செடியின் சோற்றுத்தட்டைப் பிடுங்கியதுபோல. மரத்தின் சாற்றை இது உறிஞ்சுவதில்லை. புல்லுருவி என்று வெட்டுவது வீண்பழி.

பச்சை இலையின் அடியில் வரிசையாகத் தெரியும் பழுப்புப் புள்ளிகளுக்குப் பூச்சிமருந்தும் வேண்டாம். அவை ஸ்போர்க் கொத்துகள். பெரணிக்குப் பூவும் விதையும் கிடையாது.

பெயரிலும் குழப்பம் உண்டு. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-ல் இதைப் பாலிபோடியம் பேரினத்தில் வைத்தார். பிறகு அது டிரைனேரியா குவெர்சிஃபோலியா ஆனது. சிலர் இப்போது அக்லாமார்ஃபா பேரினத்தில் சேர்க்கிறார்கள். பெயர் மாறினாலும் செடி ஒன்றுதான், குடும்பம் பாலிபோடியேசி. பழைய நூல்கள், பாசிபோலத் தோன்றும் செலாஜினெல்லா என்ற செடியையும் அது ஸ்போரால் பெருகுவதால் பெரணிகளோடு டெரிடோஃபைட்டா என்ற ஒரே கூடையில் போட்டன. மரபணு ஆய்வுகளின்படி பெரணிகள் செலாஜினெல்லாவைவிட விதைத் தாவரங்களுக்கே நெருங்கிய உறவு.

வாட்ஸ்அப்பில் வரும் ‘முடவாட்டுக்கால் சாப்பிட்டால் முறிந்த எலும்பு கூடும்’ செய்திகளை நம்புமுன் எந்தச் செடியை ஆராய்ந்தார்கள் என்று பாருங்கள். சீன மருத்துவத்தில் எலும்பு முறிவுக்குப் பேர்போனது டிரைனேரியா ரூசி. பேரினம் ஒன்று, சிற்றினம் வேறு. அதன் ஆய்வு முடிவைக் கொல்லிமலைச் சூப்பின் கணக்கில் எழுத முடியாது.