புயல் கடலிலிருந்து எடுக்கும் வெப்பம்: ஒரு விரிதாளில் நாமே கணக்கிடலாம்

குளிர்காலத்தில் வட அமெரிக்கக் கண்டத்தின் மேல் உறைந்து கிடக்கும் காற்று, புயல் கடந்ததும் அதன் பின்னாலேயே அட்லாண்டிக் கடலுக்குள் பாய்கிறது. அங்கே வளைகுடா நீரோட்டம் ஜனவரியிலும் வெதுவெதுப்பாக ஓடிக்கொண்டிருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கடல் இழக்கும் வெப்பம் சதுர மீட்டருக்கு 1000 வாட்டைத் தாண்டும் என்று படித்தேன். அந்த எண்ணை நானே போட்டுப் பார்க்காமல் நம்ப மனம் வரவில்லை. போட்டுப் பார்த்த வழி இதுதான்.

கருவி: முதலில் விரிதாள் போதும். பைத்தான் நிரல்மொழியில் நேராக இறங்குபவர்கள் அலகுகளைக் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எண் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

படி 1: ஐந்து எண்கள்

கடல் மேற்பரப்பு 20 டிகிரி செல்சியஸ், காற்று 2 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காடு, காற்றின் வேகம் நொடிக்கு 15 மீட்டர், அழுத்தம் 1010 ஹெக்டோபாஸ்கல். குளிர் வளிமுகம் (புயலோடு வரும் குளிர்காற்றின் முன்விளிம்பு) கடந்த பிறகு அந்த நீரோட்டத்தின் மேல் இப்படி ஒரு நிலைமை இயல்பானதே.

படி 2: உணர் வெப்பம்

வெப்பநிலை வேறுபாட்டால் கடலிலிருந்து காற்றுக்கு நேராகப் போகும் வெப்பம் இது. காற்றின் அடர்த்தி 1.28 × தன்வெப்பம் 1004 × பரிமாற்றக் கெழு 0.0012 × வேகம் 15 × வெப்பநிலை வேறுபாடு 18. விடை சதுர மீட்டருக்கு 416 வாட். கடல் பரப்பில் காற்று சுழன்று கலப்பதை எல்லாம் அந்த 0.0012-க்குள் அடக்கியிருக்கிறோம். உண்மையில் அது வேகத்தோடும் காற்றின் நிலைத்தன்மையோடும் கொஞ்சம் மாறும். நுணுக்கமாக வேண்டுமென்றால் கோர் என்ற கணிப்பு முறை இருக்கிறது. 1992-93-இல் மேற்குப் பசிபிக்கில் நடந்த அளவீடுகளிலிருந்து வளர்ந்த முறை அது. தொடக்கத்துக்கு நிலையான எண்ணே நல்லது.

படி 3: உள்ளுறை வெப்பம்

கடல்நீர் ஆவியாகும்போது எடுத்துக்கொண்டு போகும் வெப்பம் இது. பெரிய பங்கு இங்கேதான். ஒரு கிலோ காற்றில் எத்தனை கிலோ நீராவி என்பது இரண்டு இடத்துக்குத் தேவை: கடலைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றுக்கு ஒன்று, மேலே வீசும் காற்றுக்கு ஒன்று.

தெவிட்டிய ஆவியழுத்தம் (அந்த வெப்பநிலையில் நீராவி எட்டக்கூடிய உச்ச அழுத்தம்) = 6.112 × எக்ஸ்ப்(17.67 × வெப்பநிலை ÷ (வெப்பநிலை + 243.5)). எக்ஸ்ப் என்பது விரிதாளில் EXP என்ற சார்பு. 20 டிகிரிக்கு 23.37 ஹெக்டோபாஸ்கல். கடல்நீரில் உப்பு இருப்பதால் இதை 0.98-ஆல் பெருக்க வேண்டும். 2 டிகிரிக்கு 7.06, அதில் 60 விழுக்காடு 4.24. பிறகு 0.622 × ஆவியழுத்தம் ÷ (1010 − 0.378 × ஆவியழுத்தம்) என்று போட்டால் கடலுக்கு 0.0142, காற்றுக்கு 0.0026. வேறுபாடு 0.0116.

1.28 × 25,00,000 (ஒரு கிலோ நீர் ஆவியாகத் தேவையான ஜூல்) × 0.0012 × 15 × 0.0116 என்றால் ஏறக்குறைய 669 வாட். மொத்தம் 1085. ஆயிரத்தைத் தாண்டிவிட்டது! அதில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் ஆவியாதலால் போகிறது. ஒரு நாள் முழுக்க இப்படியே நீடித்தால் கடலிலிருந்து 23 மில்லிமீட்டர் நீர் காற்றுக்குள் போயிருக்கும். அந்த நீராவி மேகமாகும்போதுதான் வெப்பத்தை வெளியே விடுகிறது. அதாவது கடல் கொடுத்ததைக் காற்று வேறெங்கோ கொண்டுபோய்ச் செலவழிக்கிறது.

படி 4: தரவோடு ஒப்பிடுதல்

ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிக்கஸ் காலநிலைத் தரவுத் தளத்தில் கணக்குத் தொடங்கி ஈ.ஆர்.ஏ-5 தரவை (அளவீடுகளையும் கணினி மாதிரியையும் சேர்த்துப் பழைய வானிலையை மறுபடி கட்டியது) இலவசமாக எடுக்கலாம். 1940 முதல் மணிக்கு மணி இருக்கிறது. நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

கோப்பைத் திறந்தால் லட்சக்கணக்கில் எதிர்ம எண்கள். நம் 1085 வாட் அங்கே சுமார் −39 லட்சம் என்று இருக்கும். இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அது வாட் அல்ல. ஒரு மணி நேரத்தில் சேர்ந்த ஜூல். 3600-ஆல் வகுக்க வேண்டும். நான் 86,400-ஆல் வகுத்து, 45 வாட் வந்ததைப் பார்த்து என் சூத்திரமே தவறு என்று நினைத்து அதை மாற்றிக்கொண்டிருந்தேன். (மாதச் சராசரிக் கோப்புக்கு 86,400-தான் சரி. இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.) இரண்டாவது, அங்கே கீழ்நோக்கி வருவதுதான் நேர்மம். கடல் வெப்பத்தை இழந்தால் எதிர்மக்குறி வரும். சரி, குறியை மாற்றிவிட்டால் எல்லாம் பொருந்தும்.

படி 5: காற்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்

இதைக் கட்டாயம் செய்யுங்கள். காற்றின் வேகம் அதே 15. காற்றின் வெப்பநிலையை 19 ஆக்கி, ஈரப்பதத்தை 90 ஆக்கி, அடர்த்தியை 1.20 ஆக்குங்கள். இது புயலுக்கு முன்புறம் தெற்கிலிருந்து வரும் காற்று. மொத்தம் 128 வாட்தான்! பலத்த காற்று மட்டும் கடலிலிருந்து வெப்பத்தைப் பிடுங்குவதில்லை; குளிர்ந்த, உலர்ந்த பலத்த காற்று வேண்டும். புயலின் மையத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அதன் பின்புறம் முக்கியம் என்று விளங்கியது இந்த ஒரு மாற்றத்தில்தான்.

கடல் எவ்வளவு குளிரும்? 1085 வாட்டை ஒரு நாளுக்குப் பெருக்கி, மேல் 100 மீட்டர் நீருக்குப் பங்கிட்டால் 0.23 டிகிரி. சின்ன எண்தான், ஆனால் குளிர்காலம் முழுக்க இது திரும்பத் திரும்ப நடக்கிறது. நீரோட்டத்துக்குத் தெற்கே, சர்காசோ கடலில், ஏறத்தாழ 18 டிகிரியில் ஒரே சீராகக் கிடக்கும் தடித்த நீரடுக்கு இப்படித்தான் உருவாகிறது. 1959-இல் கடலியலாளர் வொர்திங்டன் அதை விவரித்து ‘பதினெட்டு டிகிரி நீர்’ என்றார்.

பிற்சேர்க்கை: தரவில் ஒப்பு ஈரப்பதமே இல்லையே என்று பலர் கேட்டார்கள். பனிநிலை வெப்பநிலை (காற்று குளிர்ந்து நீராவி நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) இருக்கும். அதை ஆவியழுத்தச் சூத்திரத்தில் நேராகப் போடுங்கள். விழுக்காடு தேவையே இல்லை.

இன்னொரு வாசகருக்கு வெப்பம் பாதிக்கும் கீழே வந்தது. அவர் காற்று வேகத்தின் கிழக்கு-மேற்கு, வடக்கு-தெற்குக் கூறுகளைத் தனித்தனியே நாள் சராசரி எடுத்து, அப்புறம் வேகம் கண்டிருந்தார். வளிமுகம் கடக்கும் நாளில் தெற்குக் காற்றும் வடக்குக் காற்றும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒவ்வொரு மணிக்கும் வேகத்தையும் வெப்பத்தையும் கண்டுபிடித்துவிட்டு, சராசரியைக் கடைசியில் எடுங்கள்.