ஒற்றைச்சில்லில் நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடப் பழகுவது

மின் ஒற்றைச்சில்லு என்பது நடுவில் ஒரே சில்லும் இரு பக்கமும் கால் வைக்கும் பெடலும் உள்ள, மோட்டரில் ஓடும் வண்டி. அதில் நேராக ஓடவும் வளைக்கவும் தெரிந்த பலருக்கு நிற்கத் தெரியாது. சந்தியில் பஸ்ஸுக்கு வழிவிட வேண்டி வந்தால் குதித்து இறங்குவார்கள். பிறகு ஏறுவதற்கு மதிலோ தூணோ தேடுவார்கள். நின்ற இடத்திலேயே சில்லை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருக்கப் பழகிவிட்டால் இந்தக் கரைச்சல் இல்லை. பின்பக்கமாக ஓடப் பழகுவதும் இதிலிருந்துதான் தொடங்கும்.

சில்லுக்குள் இருக்கும் ஜைரோ சென்சர் பெடலின் சாய்வை அளந்துகொண்டே இருக்கும். நுனிக்காலை அழுத்தினால் பெடல் முன்னுக்குச் சாயப் பார்க்கும். அதை நேராக்க மோட்டர் சில்லை முன்னுக்கு உருட்டும். குதியை அழுத்தினால் பின்னுக்கு உருட்டும். முன்பின் சமநிலையை மோட்டர் பார்த்துக்கொள்ளும். இடம் வலம் சாய்வது உங்கள் பொறுப்பு. ஓடும்போது சில்லைச் சற்றுத் திருப்பித் திருப்பி அந்தச் சாய்வை உங்களை அறியாமலே சரிசெய்துகொள்கிறீர்கள். வேகம் பூச்சியமாகும் கணத்தில் அது முடியாது. ஆடும்போதோ, திசை மாறுகிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பூச்சியத்தைக் கடந்தாக வேண்டும். ஆட்கள் விழுவதும் அநேகமாக அந்த இடத்தில்தான். அங்கே தயங்காமல் சட்டென்று கடக்கப் பழகுவதுதான் முழு வித்தையும்.

தொடங்க முதல் சில்லைச் சரிபார்க்க வேண்டும். 16 அங்குலச் சில்லு, 70 கிலோ ஆள் என்றால் ரயர் காற்று 30 முதல் 35 பிஎஸ்ஐ போதும். அதற்கு மேலே அடித்தால் சில்லு துடுக்காக அங்குமிங்கும் திரும்பும். நன்றாகக் குறைத்தால் திருப்பவே பாரமாக இருக்கும், கல்லில் ஏறினால் ரிம்மும் அடிபடும். சில்லோடு இணையும் போன் ஆப்பில் பெடல் இறுக்கத்தைக் கடினம் என்ற பக்கத்துக்கு மாற்றுங்கள். மென்மையான நிலையில் பெடல் முதலில் தாழ்ந்து, பிறகுதான் சில்லு நகரும். அந்தச் சிறு தாமதம் ஆட்டத்தின் தாளத்தைக் குழப்பிவிடும். பற்றரியை முழுதாகச் சார்ஜ் பண்ணிக்கொண்டு வரவேண்டாம். குதியை அழுத்தி நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் மோட்டர் மின்சாரத்தைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்பும். நிரம்பிய பற்றரிக்கு அதை வாங்க இடமில்லை, சில்லு அலறத் தொடங்கும். 40 முதல் 80 வீதத்துக்குள் இருந்தால் நல்லது.

மணிக்கட்டுக் காப்பும் ஹெல்மெட்டும் கட்டாயம். ஆடும்போது வேகம் இல்லை, எனவே அடிபடாது என்று நினைப்பது பிழை. பின்னுக்கு விழுபவர் கையை ஊன்றுவார், அல்லது வாலெலும்பில் இருப்பார். கணுக்காலை மூடும் சப்பாத்தும் தடித்த காலுறையும் போடுங்கள். நிலத்தில் நிற்கும் காலின் கெண்டையில் பெடலின் விளிம்பு வந்து கொத்துவது முதல் நாளே நடக்கும். சாரத்தோடு ஏறவே வேண்டாம்.

திருகோணமலையில் இடத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் கண்ட இடமும் சரிவராது. கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதி பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அது ஏற்றம், ஏற்றத்தில் சில்லு எப்போதும் ஒரு பக்கமே இழுக்கும், ஆட்டத்தின் நடுப்புள்ளி பிடிபடாது. போதாததற்குச் சனம், மான்கள். யாராவது தின்னத் தருவார்கள் என்று பழகிய புள்ளிமான் திடீரென்று குறுக்கே வந்து நிற்கும். டச்சு குடாப் பக்கமும் உட்துறைமுக வீதிப் பக்கமும் மட்டமான இடம் கிடைக்கும். ஆனால் கரையோரத் தாரில் மெல்லிய மணல் படிந்திருந்தால் அதில் நிற்க வேண்டாம், சில்லு திரும்பும்போது வழுக்கும். கடற்கரை மணல் அறவே கூடாது. சீமெந்து போட்ட, கார் நிற்காத ஒரு முற்றமே போதும்: 5 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் விடியப்புறமே பழகி முடியுங்கள். அப்படியும் காற்று இருந்தால் அதற்கு நேரே முகமோ முதுகோ காட்டி நின்று ஆடுங்கள். விலாவில் காற்று வாங்கிக்கொண்டு ஆடுவது தொடக்கக்காரருக்கு ஆகாத வேலை.

இனி ஆட்டம். யூடியூப்பில் பலர் மதிலைப் பிடித்துக்கொண்டு தொடங்கச் சொல்வார்கள். ஒற்றைக்காலில் தொடங்குவதே திறம் என்பது எங்கள் எண்ணம். வழமையாக முதலில் ஏற்றும் காலைப் பெடலில் வையுங்கள். பாதத்தின் நடுப்பகுதி சில்லின் அச்சுக்கு நேரே வரவேண்டும். சில்லின் பக்கம் அந்தக் காலின் கெண்டையில், உட்புறமாகச் சாய்ந்து அண்டியிருக்கட்டும். மற்றக் கால் நிலத்தில், சில்லிலிருந்து ஒரு சாண் தள்ளி, அச்சுக்கு நேரே. இப்போது பெடலில் உள்ள காலின் நுனியை மெதுவாக அழுத்துங்கள், சில்லு ஒரு சாண் முன்னுக்குப் போகும். குதியை அழுத்துங்கள், திரும்பி வந்து ஒரு சாண் பின்னுக்குப் போகும். நிலத்துக் கால் அசையக்கூடாது, தலையும் அசையக்கூடாது. இடுப்புக்குக் கீழே மட்டும்தான் வேலை.

தொடக்கத்தில் உடல் பாரத்தின் பெரும்பங்கு நிலத்துக் காலில் இருக்கும். ஆட ஆட அதைப் பெடலுக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள். நிலத்துக் காலின் குதியைத் தூக்கி, பெருவிரல் மட்டும் தொட்டிருக்க ஆடிப் பாருங்கள். பிறகு சில்லு நடுவைக் கடக்கும்போது அந்தக் காலை ஒரு கணம் முழுதாகத் தூக்கி வையுங்கள். அந்தக் கணத்தில் சில்லு சாயாமல் நின்றால் பாரம் சரியான இடத்தில் இருக்கிறது. பெடலில் உள்ள காலின் பக்கமாக விழுந்தால் பெடலின் வெளி விளிம்பை மிதிக்கிறீர்கள். பாதத்தைச் சில்லோடு ஒட்டி வையுங்கள். பிறகு கால் மாற்றி மற்றப் பக்கமும் இதே பயிற்சி. கைவராத பக்கம் என்று விட்டுவிடுபவர்கள், இரண்டு காலும் ஏறிய பிறகு ஒரு பக்கமே சாய்ந்துகொண்டிருப்பார்கள்.

அடுத்தது இரண்டு காலும் பெடலில். இப்போதுதான் தூண் வேண்டும். இடுப்பு உயரத்தில் இரண்டு விரலால் தொடுங்கள். இறுக்கிப் பிடித்தால் உடலின் பிழையைக் கை மறைத்துவிடும். முழங்காலை மடக்கி, சில்லைக் காலுக்குக் கீழே முன்னும் பின்னும் விடுங்கள். 16 அங்குலச் சில்லு ஒரு முழுச் சுற்றில் ஏறத்தாழ 1.28 மீற்றர் உருளும். அதில் பாதிச் சுற்று, அதாவது மொத்தம் 60 சென்ரிமீற்றரளவு, நல்ல அளவு. பயத்தில் எல்லோரும் நாலு விரற்கடை தூரம் மட்டும் ஆடப் பார்ப்பார்கள். அதுதான் கஷ்டம்: ஆட்டம் சிறுக்கச் சிறுக்க, வேகமில்லாத அந்தப் பூச்சியத்திலேயே அதிக நேரம் நிற்கிறீர்கள். பெரிதாக ஆடிப் பழகிவிட்டுப் பிறகு சிறுக்குங்கள். விரல் தூணில் தேய்ந்து முன்னும் பின்னும் போனால் சில்லோடு சேர்ந்து உடலும் ஆடுகிறது என்று அர்த்தம். விரல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

தூணை விடுவதற்கு நின்ற நிலையிலிருந்து தொடங்காதீர்கள். நடை வேகத்தில் ஓடி வந்து குதியை அழுத்துங்கள். சில்லு உங்களுக்குச் சற்று முன்னே போய் நிற்கும். அழுத்தத்தை எடுக்காமல் விட்டால் அது பின்னுக்கு வந்து, உங்களைக் கடந்து போகப் பார்க்கும். 30 சென்ரிமீற்றர் பின்னுக்கு வந்ததும் நுனிக்காலை அழுத்தி முன்னுக்கு ஓடிப் போய்விடுங்கள். இது ஒரு ஆட்டம். ஒன்று பயமில்லாமல் வந்த பிறகு இரண்டு, பிறகு மூன்று. எப்போதும் முன்னுக்கு ஓடித்தான் முடிக்க வேண்டும்; பின்னுக்குப் போகும்போது முடிக்க நினைத்தால் நாரி முறியும். சில்லு முன்னே நிற்கும்போது குதி, பின்னே நிற்கும்போது நுனி: இந்தக் கணக்கு காலுக்குப் பிடிபட்டால் ஆட்டம் தானாக ஓடும்.

கண் தூரத்தில் நிற்கும் ஒன்றில் இருக்கட்டும், துறைமுகத்தில் நிற்கும் கப்பல் என்றாலும் சரி. கீழே சில்லைப் பார்த்தால் தலை முன்னுக்குக் குனியும், பாரம் நுனிக்கு வரும், சில்லு ஓடிவிடும். கைகளை இடுப்பு உயரத்தில் விரித்து வையுங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் தோளைச் சாய்த்துச் சரிசெய்ய வேண்டாம். இடுப்பைத் திருகி, சில்லு உருளும் திசை சாய்கிற பக்கமாக வரும்படி திருப்புங்கள்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சில்லு ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டே போனால் பாதங்களைப் பாருங்கள், ஒன்று மற்றதைவிட ஒரு விரல் முன்னே இருக்கும். உள்ளங்கால் எரிந்தால் விரல்களால் பெடலைக் கவ்விப் பிடிக்கிறீர்கள், இறங்கி ஓய்வெடுங்கள்.

வெக்கையையும் கவனிக்க வேண்டும். ஓடும்போது சில்லின் வெளிக்கூட்டில் காற்றுப் படும். நின்று ஆடும்போது மோட்டருக்கும் அதைக் கட்டுப்படுத்தும் சர்க்கியூட் போர்ட்டுக்கும் மின்சாரம் அடிக்கடி பாயும், காற்றோ இல்லை. மத்தியான வெயிலில் இது கெதியாகச் சூடாகும். ஆப்பில் வெப்பநிலை 60 பாகை செல்சியஸைத் தாண்டினால் நிறுத்தி நிழலில் ஆறவிடுங்கள்.

சில்லு கைவிட்டு விழும்போது பிடிக்கப் பாயவேண்டாம். பல சில்லுகளில் ஏறத்தாழ 45 பாகைக்கு மேல் பக்கவாட்டில் சாய்ந்தால் மோட்டர் தானாக நிற்கும். ஆனால் நேராக நிற்கும் சில்லைக் கைப்பிடியில் தூக்கினால் அது அந்தரத்தில் விர்ரென்று சுற்றும்; கைப்பிடிக்குக் கீழே மோட்டரை நிறுத்தும் பொத்தான் இருந்தால் அதை அமத்திக்கொண்டு தூக்குங்கள், இல்லாவிட்டால் சுவிட்சை நிறுத்திவிட்டுத் தூக்குங்கள். கைப்பிடியில் நாடா கட்டலாம், கையில் சுற்றக்கூடாது.

முடிந்ததும் பெடல் அச்சையும் திருகாணிகளையும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஒற்றுங்கள். கரையோர உப்புக்காற்றில் அவைதான் முதலில் கறள் கட்டும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவவே வேண்டாம், பெயாரிங்கில் உப்புத் தண்ணீர் இறங்கிவிடும்.